முகம் மறைத்தும் ஊர் அறியும் பிள்ளைகள்

முதலில் ஒரு செய்தி:

"மூதூர்ப் பகுதியிலுள்ள கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 14 வயது மாணவி துஷ்பிரயோகத்துக்கு உள்ளாக்கப்பட்டுள்ளார். தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிபுரியும் நிலையில், கடற்றொழிலாளியான தந்தையுடனும் பாட்டியுடனும் வசித்துவந்த இவர், அங்குள்ள பாடசாலையில் தரம் 9இல் கல்வி கற்பவர். சந்தேகநபர் சிறுமிக்கு மாமன் முறையானவர்."

இது இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியது. ஆனாலும் எங்கோ வாசித்த மாதிரி இருக்கும், ஏனென்றால் நம்முடைய செய்தித் தளங்களில் இதே அச்சில்தான் வார்க்கிறார்கள். பெயர் இல்லை, படம் இல்லை, கிராமத்தின் பெயர்கூட இல்லை. எழுதியவர் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்திருப்பார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 குடும்பங்கள், ஏறக்குறைய 600 பேர் உள்ள கிராமம் என்று வைத்துக்கொண்டால், 14 வயதுக்காரர் அங்கே பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். பெண் பிள்ளைகள் என்றால் ஐந்து. தாய் வெளிநாட்டில் என்றதும் இரண்டு. தகப்பன் கடலுக்குப் போகிறவர், வீட்டில் பாட்டி என்றதும் ஒன்று. கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கு இது அடையாளமற்ற செய்தி. அந்த ஊர்க்காரருக்கு வீட்டு வாசலைக் காட்டிவிட்டுப் போகிற செய்தி. அந்தப் பிள்ளை நாளைக்குப் பாடசாலைக்கும் கடைக்கும் போகப்போவது கொழும்பில் இல்லை.

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், சம்பூர் என்று எங்கே எடுத்தாலும் ஒருவரை ஒருவர் குடும்பத்தோடு தெரிந்த ஊர்கள்தான். ஆகவே, ஒரு பிள்ளையின் அடையாளம் மறைந்ததா இல்லையா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் வாசித்தால் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் மறைக்கவில்லை.

மேலே உள்ள செய்தியை அந்த அளவுகோலால் திருத்தினால் இப்படி வரும்: "திருகோணமலை மாவட்டத்தில் 16 வயதுக்குட்பட்ட ஒருவரைத் துஷ்பிரயோகம் செய்த சந்தேகத்தின் பேரில் கைதுசெய்யப்பட்ட நபர் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட்டார்." சப்பென்று இருக்கிறது என்று ஆசிரியர் பீடம் சொல்லும். உண்மைதான். ஆனால் அந்த வெற்றிடத்தைப் பிள்ளையின் குடும்பக் கதையால் நிரப்பவேண்டியதில்லை. முறைப்பாட்டுக்கும் கைதுக்கும் இடையில் எத்தனை நாள் போனது, சட்ட வைத்திய அதிகாரியிடம் எப்போது கொண்டுபோனார்கள் என்று எழுதலாம். சிறுவர் சாட்சியத்தைக் காணொளியில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழி கையாளப்பட்டதா என்று கேட்டு எழுதினால், வாசகருக்கும் அடுத்த பிள்ளைக்கும் உபயோகமான செய்தி அது.

சந்தேகநபர் உறவினர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. உறவுமுறையைச் சொன்னால் அவருடைய பெயரைச் சொல்லக்கூடாது. பெயரைச் சொன்னால் உறவுமுறையைச் சொல்லக்கூடாது. தகப்பனே சந்தேகநபர் என்றால் இரண்டையும் விடவேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்: ஒரு தளம் பெயரைப் போடும், மற்றது உறவைப் போடும். தனித்தனியே இருவரும் விதி மீறவில்லை. இரண்டையும் வாசித்தவருக்குப் பிள்ளை யார் என்று தெரிந்துபோகும்.

சட்டம் எங்கே நிற்கிறது

சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் வந்தது. இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 16ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் தனியுரிமை உண்டு என்கிறது. பெற்றோருக்கு உள்ள உரிமையின் ஒரு கிளையாக அன்றி, பிள்ளைக்கே உரிய உரிமையாக. நமது ஊர்களில் பலருக்கும் செரிக்காத இடம் இது.

உள்நாட்டில் கூர்மையான பல் உள்ள பிரிவு, தண்டனைச் சட்டக்கோவையின் 365இ என்று சொல்லப்படும், ஆங்கில எழுத்து வரிசையில் 'சி' குறியிட்ட பிரிவு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் காட்டக்கூடிய விடயத்தையோ வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. "அடையாளம் காட்டக்கூடிய விடயம்" என்பதைக் கவனியுங்கள். மேலே பார்த்த 'கடற்றொழிலாளி, பாட்டி, தரம் 9' என்ற கூட்டு அதற்குள் வரலாம். அச்சகம் வைத்திருப்பவருக்கு மட்டும் உரிய விதியும் இல்லை; பேஸ்புக்கில் பதிவு போடுகிறவரும் வெளியிடுகிறவர்தான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவை உடல்நலம், மதநம்பிக்கை முதலியவற்றோடு சேர்த்து விசேட வகையில் வைத்திருக்கிறது. முழுமையாக நடைமுறைக்கு வரவிருந்த 2025 மார்ச் திகதி பின்போடப்பட்டது வேறு கதை. ஒருவர் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்து வைக்கவேண்டும். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் சிறுவர் தொடர்பான பிரிவு உண்டு. ஆனால் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அதன்மேல் எழுந்த விமர்சனத்தில் அந்தப் பகுதி கண்ணில் படாமலே போய்விட்டது.

கொடுக்கிறவரின் கமரா

செய்தியைவிட அதிகமாகப் பிள்ளைகளின் படம் வெளியே போவது உதவி வழங்கல் வழியாகத்தான். தை பிறந்தாலோ புதிய தவணை தொடங்கினாலோ புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் நண்பர் வட்டங்களும் புத்தகப்பை, கொப்பி, சப்பாத்து கொடுக்கின்றன. நல்ல வேலை. படத்தில்தான் கோளாறு. பின்னால் பதாகை, அதில் பாடசாலையின் பெயரும் திகதியும். நடுவில் பையை நீட்டும் பெரியவர். ஓரத்தில் கையேந்தும் பிள்ளை, கண் கமராவில். கீழே குறிப்பு: "தந்தையை இழந்த, வறுமைக்கோட்டின் கீழ் வாழும் மாணவி." பையின் ஆயுள் ஒரு வருடம். படத்தின் ஆயுள் யாருக்குத் தெரியும்?

"சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம்" என்பார்கள். அதிபர் பக்கத்தில் நிற்க, மேசையில் பை இருக்க, மண்டபம் பார்த்துக்கொண்டிருக்க, எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? கொடுப்பதும் கேட்பதும் ஒரே நாளில் நடந்தால் அது சம்மதம் ஆகாது. முதலில் கொடுத்து முடிக்கவேண்டும். படம் தேவைதான் என்றால் சில நாள் கழித்து, பாடசாலைக்கு வெளியே, தாயிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேட்கவேண்டும். எந்தப் பக்கத்தில் வரும், யார் பார்ப்பார்கள், எப்போது எடுத்துவிடுவீர்கள், பிறகு மனம் மாறினால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கவேண்டும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில்.

கனடாவில் இருந்து காசு அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டவேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கடைப் பற்றுச்சீட்டு, அதிபர் ஒப்பமிட்ட எண்ணிக்கைக் கடிதம், அடுக்கி வைத்த பைகளின் படம், பின்னால் இருந்து எடுத்த வரிசைப் படம் போதும். பெயர்ப் பட்டியல் சங்கத்தின் கோப்பில் இருக்கட்டும். வட்ஸ்அப் குழுவுக்குப் போகவேண்டாம். இவ்வளவும் கொடுத்த பிறகும் பிள்ளையின் முகம்தான் வேண்டும் என்று ஒருவர் நிற்பாரானால், அவர் கேட்பது கணக்கு இல்லை.

சிறுவர் இல்லங்களில் பிறந்தநாள் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு எடுக்கும் செல்பி இதைவிட ஆபத்தானது. இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் இல்லை. வீட்டில் நடந்த கொடுமை காரணமாக நீதிமன்றக் கட்டளையில் அங்கே வந்த பிள்ளையும் அதே மேசையில் இருக்கும். எவரிடமிருந்து ஒளித்து வைத்தார்களோ அவருக்கு, பிள்ளை இருக்கும் இடத்தை அந்தச் செல்பி காட்டிக்கொடுக்கும். இல்ல நிர்வாகம் வாசலிலேயே போனை வாங்கி வைப்பது மரியாதைக்குறைவு ஆகாது.

வாழ்த்தும் விழாவும்

தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்த இரவே வாழ்த்துப் படங்கள் ஓடத் தொடங்கும். பிள்ளையின் படம், முழுப்பெயர், பாடசாலை, புள்ளி. சிலவற்றில் பெறுபேற்றுப் பக்கத்தின் திரைப்பிடிப்பையே ஒட்டிவிடுவார்கள். அதில் சுட்டெண் இருக்கும். பரீட்சைத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் சுட்டெண்ணைப் போட்டால் பெறுபேறு வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் இது இன்னும் மோசம்: மூன்று பாடத்தில் சித்தியடைந்ததை வீட்டார் வாழ்த்தாகப் போட, மற்ற ஆறும் எப்படி என்று சுட்டெண்ணை வைத்து அயலட்டை பார்க்கும். வாழ்த்துங்கள். சுட்டெண்ணும் பாடசாலையும் இல்லாமல் வாழ்த்துங்கள்.

சாமத்திய வீட்டைப் பற்றிப் பேசாமல் இந்த விடயத்தைத் தாண்ட முடியாது. விழா நல்லதா இல்லையா என்ற வழக்கு இங்கே வேண்டாம். முன்பு அது உறவும் ஊரும் அறிந்த செய்தி. அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. இப்போது ஸ்டூடியோ எடுத்த முன்னோட்டக் காணொளி யூடியூப்பில், பிள்ளையின் முழுப்பெயரோடு, பொதுவில் இருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளைக்கு மாதவிடாய் தொடங்கிவிட்டது என்ற உடல்நலத் தகவலை, திகதியோடு, உலகத்தில் யாரும் தேடி எடுக்கலாம். வகுப்புப் பையன்களும் எடுக்கலாம். இன்றைய செயலிகள் ஒரு முகத்தை வேறு உடலில் ஒட்டிவிடும் என்பதால், நல்ல வெளிச்சத்தில் பல கோணங்களில் எடுத்த முகங்கள் பொதுவில் கிடப்பது தனி ஆபத்து.

ஸ்டூடியோவோடு பேசும்போதே, முற்பணம் கொடுக்க முன், நான்கு விடயத்தை எழுத்தில் வாங்குங்கள்: விளம்பரத்துக்குப் படமோ காணொளியோ பயன்படுத்தக்கூடாது, யூடியூப்பில் ஏற்றினால் பட்டியலிடாத இணைப்பாக அல்ல, தனிப்பட்டதாக மட்டும், கண்ணாடி அலுமாரியில் பெரிதாக்கிய படம் வைக்கக்கூடாது, மூலக் கோப்புகள் இத்தனை மாதத்தில் அழிக்கப்படும். பட்டியலிடாத இணைப்பு ஏன் போதாது என்றால், இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம், எவருக்கும் அனுப்பலாம். இலண்டன் மாமாவுக்குக் காட்டத்தான் யூடியூப் என்றால், அவருக்கு நேரடியாகக் கோப்பை அனுப்பலாம்.

பேஸ்புக்கில் போட்டாயிற்று என்றால், அது ஒவ்வொரு வருடமும் அதே நாளில் 'நினைவுகள்' என்று திரும்ப வரும். பிள்ளைக்கு 17 வயதாகும்போதும் பெரியம்மா ஒருவர் அதை மறுபடி பகிர்வார்.

மறைப்பதில் நடக்கும் பிழைகள்

முகத்தைக் கலங்கலாக்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் கழுத்துப்பட்டியைப் பார்ப்பதில்லை. வெள்ளைச் சீருடை எல்லோருக்கும் பொது. பட்டியின் நிறமும் சின்னமும் பாடசாலையைச் சொல்லும். பக்கத்தில் நிற்கும் பாட்டியின் முகம், வீட்டுச் சுவரின் நிறம், முற்றத்துத் தோணியின் இலக்கம், சைக்கிள், குரல், நடை எல்லாம் பேசும்.

கலங்கலாக்கும் கருவியிலும் பேதம் உண்டு. மெல்லிய கட்டம் போட்டால், சிறிய திரையில் தூரத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்தவருக்கு முகம் புரியும். போனில் உள்ள மார்க்கர் பேனையால் கறுப்படித்தால், அது பாதி ஊடுருவும் மை. வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ளது தெரியும். வெட்டிய படமும் எப்போதும் வெட்டியதாக இருக்காது: சில போன்களிலும் விண்டோஸ் கருவியிலும் வெட்டிவிட்ட பகுதியை மீட்டெடுக்க முடிந்த குறைபாடு 2023இல் வெளிவந்து திருத்தப்பட்டது. முற்றாக ஒளிபுகாத பெட்டியை முகம் முழுவதும், காதும் தலைமயிரும் உட்பட, வைக்கவேண்டும். பிறகு அந்தப் படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதை மட்டும் வெளியிடவேண்டும். மூலப் படத்தை அலுவலகக் குழுவில் போட்டு "மறைச்சுப் போடுங்கோ" என்று சொல்வதை நிறுத்தவேண்டும். அங்கேதான் பல கசிவுகள் தொடங்குகின்றன. குரலைச் சுருதி மாற்றுவதும் நம்பத்தக்கதல்ல, திரும்ப மாற்றலாம். பிள்ளை சொன்னதை வேறொருவர் வாசிப்பதே பாதுகாப்பு.

படத்துக்குள் இடமும் ஒளிந்திருக்கும். இருப்பிடத்தைத் திறந்து வைத்துத் திருகோணமலை நகரில் எடுத்தால் 8.5, 81.2 என்று தொடங்கும் ஆள்கூறுகள் கோப்பில் பதிவாகும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீற்றருக்குள் இடம் தெரியும். நிலாவெளியில் ஒரு வீட்டு வளவை அடையாளம் காண அது தாராளம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும். "தெளிவு குறையாமல் இருக்கட்டும்" என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். கமரா அமைப்பில் இருப்பிடத்தை மூடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எப்படிக் காட்டுகிறோம்

திருகோணமலைப் பிள்ளைகள் ஊடகத்தில் மூன்று கோலத்தில் வருவார்கள்: உதவி வாங்குபவர், வெற்றி பெற்றவர், பாதிக்கப்பட்டவர். நிலாவெளியில் கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்கும் பையனை ஒரு சுற்றுலாப் பயணி எடுத்துப் போட்டால் நான்காவது கோலம்: அலங்காரம். கிண்ணியாப் பாலம் பற்றியோ பேருந்து நேரம் பற்றியோ அந்தப் பிள்ளைகளிடம் அபிப்பிராயம் கேட்டு எழுதியவர்கள் குறைவு, அதில்தான் தினமும் பயணம் செய்கிறவர்கள் அவர்களாக இருந்தும்.

கோப்புப் படம் இன்னொரு வியாதி. ஒரு வகுப்பறையின் பழைய படம் கையிருப்பில் இருக்கும்; "மாணவர் மத்தியில் போதைப்பொருள்" என்ற செய்திக்கு அதையே போடுவார்கள். முன்வரிசைப் பிள்ளை எதுவும் அறியாமல் போதைக்காரர் ஆகிறார். ஒரு சமூகத்தின் உடை தெரியும் படம் என்றால் அந்தச் சமூகமே ஆகிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக வாழும் மாவட்டத்தில் இது சின்னப் பிழை அல்ல.

சொற்களுக்கு வருவோம். "15 வயது மாணவி காதலனுடன் ஓட்டம்" என்ற தலைப்பு சட்டத்துக்கே முரண். 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளையுடன் உடலுறவு, அவள் சம்மதித்தாலும், பொதுவாக வல்லுறவுக் குற்றமே. அந்த வயதெல்லையை 12இலிருந்து 16க்கு உயர்த்தியதும் 1995ஆம் ஆண்டுத் திருத்தம்தான். அங்கே 'காதலன்' என்று எழுதுவது சந்தேகநபரின் வக்கீல் வேலை. 'கற்பழிப்பு' குற்றத்தைச் செய்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஏதோ அழிந்துவிட்டது என்கிறது; 'வல்லுறவு' என்றால் நடந்தது நடந்தபடி இருக்கும். 'சிறுவர் ஆபாசப் படம்' என்பதும் வேண்டாம்; அது துஷ்பிரயோகத்தின் பதிவு.

தவறான சித்திரிப்பு ஒரு உயிரோடு எவ்வளவு காலம் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு நம் கிழக்கிலேயே உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தனியாகக் கிடைத்த கைக்குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்டது. 'பேபி 81' என்று உலக ஊடகம் பெயர் வைத்தது. ஒன்பது தம்பதிகள் உரிமை கோருகிறார்கள் என்று செய்தி பறந்தது. நீதிமன்றத்தில் முறைப்படி கோரியது ஒரே தம்பதி; 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதிசெய்தது. அதற்குப் பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சி வரை அழைத்துப் போனார்கள். பெருந்தொகை கிடைத்திருக்கும் என்று ஊர் நினைத்தது. பாடசாலையில் சக பிள்ளைகள் அந்த இலக்கத்தைச் சொல்லியே பகிடி பண்ணினார்கள். பிள்ளையின் உண்மைப் பெயர் எல்லா இடத்திலும் அச்சாகியிருக்கிறது. இங்கே மறுபடி எழுதத் தேவையில்லை.

வெளியே போய்விட்டால்

கண்டிப்பதற்காகக்கூட அந்தப் பதிவைப் பகிரக்கூடாது. "இப்படிப் போடலாமா?" என்று கேட்டுப் பகிர்கிறவர்தான் அதை மேலும் பலருக்குக் காட்டுகிறார். இணைப்பு, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாலியல் தன்மையுள்ள படம் என்றால் திரைப்பிடிப்பு எடுக்கவேண்டாம். அப்படியான படத்தைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இலவசம், தமிழிலும் பேசலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிசுக்குப் போகத் தயங்கும் குடும்பத்துக்கு அவர் நல்ல முதல் படி.

18 வயதுக்கு முன் எடுத்த நிர்வாணப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியேறாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டும் போகும். பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். பங்கேற்காத தளத்திலும் வட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த உரையாடலிலும் அது வேலை செய்யாது. சாதாரணப் படமாக இருந்தாலும், 18 வயதுக்குட்பட்டவரின் படத்தைத் தேடல் முடிவில் இருந்து எடுக்கும்படி பிள்ளையோ பெற்றோரோ கூகுளிடம் கேட்கலாம். 2021 முதல் அந்த வசதி உண்டு. தேடலில் இருந்துதான் போகும், மூலப் பக்கத்தில் இருக்கும். அதற்குத் தளக்காரரிடம் தனியே எழுதவேண்டும்.

காணாமல்போன பிள்ளையின் அறிவித்தலில் ஒரு வித்தியாசம்: அங்கே முகம் பரவத்தான் வேண்டும். ஆனால் திகதியைப் படத்தின் மேலேயே எழுதுங்கள், தாயின் இலக்கத்துக்குப் பதில் பொலிஸ் நிலைய இலக்கத்தைப் போடுங்கள், வீட்டுச் சண்டை, நோய், காதல் எதையும் சேர்க்காதீர்கள். பிள்ளை கிடைத்ததும் மூலப் பதிவின் படத்தை நீக்கி "கிடைத்துவிட்டார், பகிரவேண்டாம்" என்று மாற்றுங்கள். இதைச் செய்யாத அறிவித்தல்கள் வருடக்கணக்கில் சுற்றுகின்றன, வீட்டில் இருக்கும் பிள்ளையைத் தேடிக்கொண்டு.

வட்ஸ்அப் குழுவில் போனதை அனுப்பியவரோ அட்மினோ எல்லோருக்குமாக நீக்க இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசம்தான் உண்டு. அதற்குள் நீக்கினாலும் சிலருடைய கலரியில் தானாக இறங்கிய படம் அப்படியே இருக்கும். அதை ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் அழிக்கவேண்டும், அட்மின் ஒவ்வொரு இலக்கமாக அழைத்து.